மூன்றாம் கற்றல் விளைவு

இப்ரியில் எங்கள் கல்லூரிக்குப் பின்னால்
ஒரு வாதி கிடக்கிறது.
வழக்குப் போட்டவன் இல்லை; வறண்ட ஆறு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.

தர உறுதிப் பிரிவு, அறை எண் நூற்றுப் பதினான்கு.
நானும் மரிவிக்கும்
முதுகில் எண் ஒட்டிய நாற்பத்தொரு கோப்புகளும்.
ஏசி நாளெல்லாம் இருமும்.
பெயர் பொற்கொடி.
எகிப்திய டீனுக்கு அது வாயில் நுழையாது.
'போர்க்கொடி' என்பார். நான் திருத்துவதில்லை.

புள்ளியியல் பாடம், மூன்றாம் கற்றல் விளைவு:
'தரவைப் படித்துத் தகுந்த முடிவுக்கு வருதல்.'
இலக்கு எழுபது விழுக்காடு.
வந்தது ஐம்பத்தெட்டு.
முந்தைய ஆண்டு ஐம்பத்தேழு, அதற்கும் முன்பு ஐம்பத்தொன்பது.
மேம்பாட்டு நடவடிக்கை: 'கூடுதல் பயிற்சி வகுப்புகள்.'
மூன்று ஆண்டும் அதே வாசகம்.
தேதியை மட்டும் மாற்றியவள் நான்தான்.

கருத்துக்கணிப்பில் நாங்கள் ஐந்துக்கு நாலே கால்.
மேலிருந்து கீழே நேர்கோடாய்
நான்கு நான்கு நான்கு என்று
ஒரே மூச்சில் கிழித்த பேனாக்களின் திருப்தி.
கடைசிப் பெட்டியில் ஒருத்தி மட்டும் எழுதியிருந்தாள்,
மரிவிக் போனில் மொழிபெயர்த்தாள்:
'இந்தப் பாடத்தின் முதல் அரை மணியை
நான் பார்த்ததே இல்லை.'
'இதர' என்ற தலைப்பில் சேர்த்தேன்.
ஒரு கருத்து. பூஜ்யம் புள்ளி மூன்று விழுக்காடு.

பிறகு ஒரு திங்கட்கிழமை
என் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால்
வாசலில் இறக்கிவிடப்பட்டு நின்றேன்.
எட்டு இருபத்தைந்து.
மலைப்பக்கத்துப் பேருந்து வந்தது.
அபாயாவை ஒரு கையில் அள்ளிப் பிடித்து
மறு கையில் கால்குலேட்டரோடு
பெண்கள் ஓடினார்கள், ஓடினார்கள்.
ஓட்டுநர் கமீஸ் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
'முதல் நடை பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
இரண்டாவது நடைதான் இவர்கள்.
வகுப்பு எட்டு மணிக்கா?
எனக்கு யாரும் சொல்லவில்லையே.'

ஒன்பது மணிக்கு மாற்ற
நான்கு குழுக்கள், ஏழு கையெழுத்துகள், ஒரு பருவம்.
நேர அட்டவணையைத் தொட்டால்
குளவிக்கூட்டைத் தொட்ட கதை.
தொட்டோம்.
எழுபத்தொன்று வந்தது.
மரிவிக் கேக் வாங்கி வந்தாள்.
நான் மட்டும் வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன்:
புது விரிவுரையாளர். எட்டுக் கேள்வி ஆறாகியிருந்தது.

அங்கீகாரக் குழு மார்ச்சில் வந்தது.
கரும்பச்சை மேசைவிரிப்பு, பேரீச்சை, தண்ணீர் பாட்டில்கள்.
நரைத்த தலை அம்மையார் ஒருவர்
அறுபத்திரண்டாம் பக்கத்தில் விரலை ஊன்றினார்:
'நேரத்தை மாற்றியதால்தான் உயர்ந்தது என்று
எப்படித் தெரியும்?'
டீன் என்னைப் பார்த்தார்.
போன வாரம் மனப்பாடம் செய்த பதில்
நாக்கு நுனியில் இருந்தது.
'தெரியாது' என்றேன்.
'கேள்விகளும் குறைந்தன. இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.
ஓடுவது நின்றது. அது மட்டும் தெரியும்.'
டீனின் பேனா உருண்டு கீழே விழுந்தது.
அன்று அவர் உச்சரிப்பு சரிதான்.

அம்மையார் ஏதோ எழுதினார்.
தலைகீழாய்ப் படிக்க முயன்றேன், முடியவில்லை.

அறிக்கை இன்னும் வரவில்லை.
இதற்கிடையில் படிவம் கேட்கிறது:
'சுற்று நிறைவடைந்ததா? ஆம் / இல்லை.'
'ஆம்' என்று டிக் போட்டுவிட்டு
டீ குடிக்க வாசலுக்கு வந்தேன்.
கமீஸ் இன்ஜினை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தார்:
'அடுத்த வாரம் ரமலான்.
பள்ளிக்கூட நேரம் மாறுகிறதாம்.
உங்கள் வகுப்பு
எத்தனை மணிக்கு?'